மூன்று இலக்கம்

பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் ஒரு சிடி. திங்கட்கிழமை காலை உன் மகள் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். உறையின் மூலைகளில் மஞ்சள் தடவிய கறை இன்னும் இருந்தது. சிடியின்மேல் நீல மையில் உன் கையெழுத்து: "போர் முழுசும்." 'ழு'வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடிவரை இழுத்துக்கொண்டு போவாயே, அதே இழுப்பு. பீரோவில் உன் சேலைகளுக்கு அடியில் கிடந்ததாம். அந்துருண்டை வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை பத்திரமாகப் பொதிந்து வைத்திருக்கிறாய், சிடி போடுகிற கம்ப்யூட்டர் ஒன்றுகூட இன்று இந்த ஆபீசில் இல்லை என்பதை உனக்கு யார் சொல்வது? சொல்ல முடியாது என்பது உறைத்ததும் கண் கலங்கிவிட்டது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

"பெரீம்மா, நம்ம தோட்டத்துல அம்மா போட்ட போரு எத்தன அடி, தண்ணி வந்துச்சா இல்லியான்னு இதுல இருக்குமுங்களா?" என்று கேட்டாள். "வியாழக்கிழம வண்டி வருதுங்க. எனக்கு ஒரு போருக்குத்தான் தெம்பு இருக்குது. ஆயிரத்துக்குக் கீழ போலாமா, வேண்டாமான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க."

வண்டி என்றால் நம் ஆபீசின் போர் போடும் வண்டிதான். உன் மகள் சேலத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு மல்லசமுத்திரம் போகும் வழியில் இருக்கும் உங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டாள், தெரியுமா? தொண்ணூறு தென்னை. பாதி மரத்துக்கு மட்டை தொங்கிவிட்டது. இந்தக் கோடைக்குள் தண்ணீர் கிடைத்தால் மரம் பிழைக்கும், அவளும் அங்கேயே இருப்பாள். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. நீரோட்டம் பார்ப்பவர் வந்து இடம் குறித்திருக்கிறார். அது பழைய போருக்கு நாற்பது அடி தள்ளித்தான். பழைய குழி மண் சரிந்து தூர்ந்துபோய்விட்டது. அன்று வண்டி ஓட்டிய டிரில்லர் இப்போது உயிரோடு இல்லை. உன் வீட்டுக்காரரும் உனக்கு முன்பே போய்விட்டார். டிரில்லர்கள் எழுதித் தரும் சீட்டுப் புத்தகங்களை ஆபீஸ் இடம் மாறியபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். அந்தப் போரின் விவரம் உலகத்தில் ஓரிடத்தில்தான் மிச்சம், நீ எழுதிய கம்ப்யூட்டர் நிரலுக்குள்.

நான் இப்போது இங்கே மேனேஜர். எந்த ஊரில் எத்தனை அடி என்று கேட்டால் இரண்டு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுவேன். ஆனால் இப்போதுள்ள மென்பொருளில் கடைசிப் பதின்மூன்று வருஷம்தான் இருக்கிறது. அதற்கு முந்தியதெல்லாம் உன்னுடையது. அது ஏன் இதற்குள் வரவில்லை என்று உனக்குத் தெரியும். உன் மகளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. "பாக்கறேன் கண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கெத்தோடு வந்தேன். நீ ஈரோட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு நோட்டும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தாய். எதிர் ஆபீசில் வாங்கிவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நம் முதலாளியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதற்கு உறை தைத்துப் போட்டது நான், வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தது முதலாளி, வேலை வாங்கியது நீ ஒருத்திதான். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "எந்திரி சாமி, நேரமாச்சு" என்பாய். உனக்கு எல்லோரும் சாமிதான். முதலாளி, டிரில்லர், போர் போடக் கேட்டு வரும் தோட்டக்காரர், நான், அந்தக் கம்ப்யூட்டர், யாரையும் விட்டதில்லை.

மூன்று மாதம் வீட்டில் பேப்பரில் எழுதி எழுதிப் பார்த்து அந்த நிரலை நீ செய்தாய். பெயர் வைப்பதற்கு நான் என்னென்னவோ சொன்னேன். நீ "போர்" என்று வைத்துவிட்டாய். திறந்தால் கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறிகளால் ஆன ஒரு சொட்டு மேலிருந்து மெல்ல இறங்கும், கீழே தொட்டதும் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல் "பஜ்ஜி". அதை வைத்தது நாலு மணி டீ நேரத்தில், வாயில் பஜ்ஜியோடு. உள்ளே போனால் ஒவ்வொரு போருக்கும் ஒரு பக்கம். ஊர், யார் தோட்டம், தேதி, மொத்தம் எத்தனை அடி, தண்ணீர் கண்ட அடி, எத்தனை இஞ்சு கனத்துக்குத் தண்ணீர் வந்தது. கடைசியில் குறிப்புக்கென்று இருபது எழுத்து இடம். தமிழ் எழுத்து அதில் வராது, ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிப்போம். பொய்த்துப்போன போருக்குத் தண்ணீர்க் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்பது உன் சட்டம். "வெறுமனே உட்டா மறந்துட்டோம்னு ஆயிரும் சாமி, சைபர் போட்டாத்தான் இல்லைன்னு அர்த்தம்" என்பாய்.

அடிக்கு நீ மூன்று இலக்கம்தான் இடம் விட்டிருந்தாய். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நம் பக்கம் முந்நூறு அடியில் பாறை கசியும். ஐந்நூறு போனால் ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். நானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மூணு போதும் புள்ள, நாலு எதுக்கு, எடத்த அடைக்கறதுக்கா?" என்று சொன்னேன். உனக்கு நினைவிருக்கும். நினைவிருந்தும் அதை ஒரு நாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்குள் ஆயிரம் தாண்டிய முதல் சீட்டு வந்தது, ஆயிரத்து அறுபது அடி. அதை அடித்தவள் நான். மூன்று இலக்கம் நிரம்பியதும் கம்ப்யூட்டர் ஒரு பீப் கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது. நூற்றாறு அடி என்று பதிவாகி, மிச்சமிருந்த பூஜ்யம் தண்ணீர்க் கட்டத்தில் போய் விழுந்தது. நான் கவனிக்கவே இல்லை. முதலாளி அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு, "நூத்தாறு அடியில நிறுத்திப்போட்டு வாரதுக்கா வண்டி அனுப்புனேன்?" என்று டிரில்லரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தாய்.

முதலாளி ஒரு இலக்கத்தைக் கூட்டச் சொன்னார். "பாக்கறேனுங்க" என்றாய். அரை மணி நேர வேலை. ஒரு மாதம் கழித்து அவர் திரும்பக் கேட்டபோது, "முடியாதுங்க" என்றாய். ஏன் என்று கேட்டதற்கு ஏதோ இண்டெக்ஸ், மெமரி என்று அவருக்கு விளங்காத நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டாய். என்னிடம் மட்டும் சொன்னாய்: "நாலு எண்ணுக்கு எடம் உட்டா நாலு எண்ணுக்குத் தோண்டுவாங்க சாமி." நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுப் பாதாளத்துக்கே பூட்டு போடப் போகிறாளாம் என்று மதியம் சாப்பிடும்போதுகூடக் கேலி செய்தேன். நீ எனக்கும் மோர் ஊற்றினாய்.

அதற்குப் பிறகு நம் ஆபீசில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. ஆயிரம் தாண்டிய போருக்கெல்லாம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று அடிப்போம். குறிப்பில் நீ ஆங்கில எழுத்தில், "என்னக் கேளுங்க" என்று போட்டுவிடுவாய். உண்மையான கணக்கு உன் தலைக்குள் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடி போனார்கள் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திரையைப் பார்த்து, "அந்தம்மாவக் கேளுங்க" என்று கையைக் காட்டுவேன். நீ அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாய். அடியைச் சொல்வதற்கு முன்னால், "உங்களுக்கு எத்தன புள்ளைங்க? ஊட்ல யாரு சம்பாரிக்கறாங்க?" என்று ஆரம்பிப்பாய். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஆயிரத்தோட நிறுத்திக்குங்க சாமி. அதுக்குக் கீழ போறது ஆசைங்க, தண்ணி இல்ல." சிலர் கேட்டுக்கொள்வார்கள். பலர் அடுத்த ஆபீசுக்குப் போய் வண்டி பேசிவிடுவார்கள். முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடிப்பார். போர் போடுகிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போடாதே என்று சொல்ல உனக்கு எங்கிருந்து அத்தனை துணிச்சல் வந்தது என்று நானும் வியந்திருக்கிறேன். கேட்டதில்லை.

பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். பிறகுதான் அந்தப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அதில் உன் நிரலைப் போட்டால் திறக்கவே இல்லை. இந்தச் செயலி இந்தக் கணினியில் ஓடாது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். முதலாளி நம் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். "ஒரு வழி இருக்குதுங்க" என்றாய் நீ. "பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற சாப்ட்வேர் ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள இத ஓட்டிரலாம். ஒரு வாரம் டைம் குடுங்க சாமி." அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பழசக் கட்டிக்கிட்டு எதுக்குங்க அழுவோணும்? நாலு எலக்கத்தோட ரெடிமேடாவே கெடைக்குது. பழைய போரெல்லாம் இனி யாருக்கு வேணுமுங்க?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. அந்த மாதக் கடைசியில் பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போய்விட்டாய். எனக்கு மேனேஜர் நாற்காலி வந்தது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னாயா என்று நீ என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து நானே சொல்லிவிடுகிறேன். பாதி அதற்காகத்தான். மீதி, உன் மூன்று இலக்கப் பிடிவாதத்தின்மேல் எனக்கிருந்த எரிச்சல்.

அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் சிரித்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டாய், மழை பற்றிப் பேசினாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தபோதும், "உங்க பக்கம் மழ உண்டா சாமி?" என்றுதான் கேட்டாய். நான் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அன்று பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிடியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றார். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோவில்தான் சிடி டிரைவ் இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். உன் பதினைந்து வருஷ வேலை முழுவதும் ஒரே ஒரு கல்யாண போட்டோ அளவுகூட இல்லையாம். ஸ்டூடியோக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். நீ அன்று சொன்ன அந்த நடிக்கிற மென்பொருள் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கினேன். கறுப்புத் திரை வந்தது. உன் கோப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதை மூன்று தடவை தப்பாகச் சொன்னேன், நான்காம் தடவை உள்ளே விட்டது. சொட்டு விழுந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை, இந்தக் கம்ப்யூட்டரின் வேகம் அப்படி. வேகத்தைக் குறைக்க ஒரு விசை உண்டு என்று படித்திருந்தேன். தட்டித் தட்டிக் குறைத்துவிட்டு மறுபடி திறந்தேன். சொட்டு மெல்ல இறங்கியது, நாம் பையை வைத்துவிட்டு முந்தானையால் முகம் துடைக்கிற நேரம் அதற்கு ஆகுமே, அதே நேரம். "பஜ்ஜி" என்று விரல் தானாக அடித்தது. அப்போது மணி நாலுகூட ஆகவில்லை. ஒரு மதியம்தான் பிடித்தது. நீ கேட்டது ஒரு வாரம், அதைக்கூட உனக்கு நான் கிடைக்க விடவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு உன் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் தேடினேன். பக்கம் வந்தது. மொத்த அடி: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. தண்ணீர் கண்ட அடி: வெறுமை. இஞ்சு: வெறுமை. பூஜ்யம் போட்டால்தான் இல்லை என்று அர்த்தம் என்று சட்டம் போட்டவளே, உன் சொந்தப் பக்கத்தில் பூஜ்யமும் இல்லை, எண்ணும் இல்லை. நான் தேதியைப் பார்த்தேன். முதலாளியிடம் "பாக்கறேனுங்க" என்று சொன்னதற்கும் "முடியாதுங்க" என்று சொன்னதற்கும் நடுவில் விழுந்த தேதி.

ஊருக்கெல்லாம் ஆயிரத்தோடு நிறுத்தச் சொன்ன நீ, ஆயிரத்தைத் தாண்டிப் போயிருக்கிறாய். எவ்வளவு தூரம் போனாய், கீழே என்ன பார்த்தாய்? அந்த வாரம் நீ இரண்டு நாள் லீவு எடுத்ததும், மூன்றாம் நாள் முகம் வீங்கி வந்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. உன் சீட்டை என்னிடம் தராமல் நீயே அடித்தாய். "என்ன புள்ள ஆச்சு?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆச்சு சாமி" என்றாய். நான் என் சீட்டுகளுக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு மாதத்தில் உன் வீட்டுக்காரர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிபாளையத்துக்குத் தறி ஓட்டப் போனார். அன்றைக்கு நிறையப் பேர் போனார்கள், அவரும் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

குறிப்பில் வழக்கம்போலத்தான் எழுதியிருந்தது என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கை நின்றுவிட்டது. "என்னக் கேளு" என்று இருந்தது. 'ங்க' இல்லை.

ஆயிரம் தாண்டிய மற்றப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் "என்னக் கேளுங்க", "என்னக் கேளுங்க". ஒன்றில்கூட நீ 'ங்க'வை விடவில்லை. உன் பக்கத்தில் மட்டும் இல்லை. இடம் போதவில்லையோ என்று விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். 'ங்க' சேர்த்து அடித்தாலும் இன்னும் ஏழு எழுத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. பெற்ற அம்மாவையே "ஏனுங்கம்மா" என்று கூப்பிட்டவள் நீ. கட்டினவரிடம் கடைசிவரை "வாங்க, போங்க". அந்தக் கம்ப்யூட்டரை விட்டால், 'ங்க' இல்லாமல் நீ பேசியது உலகத்தில் இரண்டே பேரிடம். ஒன்று உன் மகள், அவளுக்கு அப்போது நாலு வயது. இன்னொன்று நான்.

அந்தப் பக்கம் எனக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் அத்தனை வருஷம் இருந்தது. ஒரு தடவை திறந்திருந்தால் போதும்.

உன் மகளைப் போனில் கூப்பிட்டு, திரையில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினேன். ஆயிரம் தாண்டிப் போயிருக்கிறார்கள், எவ்வளவு என்று இல்லை, தண்ணீர் உண்டா இல்லையா என்றும் இல்லை, என்னைக் கேளு என்று இருக்கிறது. அவள், "இனி யாரக் கேக்கறதுங்க பெரீம்மா? நீங்கதான் அம்மாகூடவே இருந்தீங்க. நீங்க சொன்னாச் சரீங்க. நாளைக்கு வந்துருங்க" என்றாள். வேண்டாம், நீயே முடிவு செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் போய்விட்டேன். எலுமிச்சை வைத்துச் சூடம் காட்டித் துளை போட ஆரம்பித்தார்கள். குழிக்குள் இறக்கும் இரும்பு ராடு ஒன்றுக்கு இருபது அடி. நானூற்றில் கொஞ்சம் கசிந்து நின்றுவிட்டது. அதன் பிறகு வெறும் புழுதி. தென்னை, மாட்டுக் கொட்டகை, உன் மகளின் தலைமுடி, என் சேலை, எல்லாம் வெள்ளையாகிவிட்டன. முப்பது, நாற்பது என்று ராடு இறங்க இறங்க அவள் தென்னையடியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வெயில் சாயும் நேரத்தில் டிரில்லர் வண்டியை மெதுவாக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்பதாவது ராடு எறங்கிருச்சுங்க மேனேஜரம்மா. ஆயிரம் ஆச்சு. புழுதி லேசா நனஞ்சு வருதுங்க. இன்னும் நாலு ராடு போட்டா என்னன்னு தெரிஞ்சிருமுங்க. போடட்டுங்களா?"

உன் மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் போடுங்க என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது. நான் உன்னை நினைத்தேன். பதினைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே பதில்தான். அதைத் தவிர உன்னுடையது என்று சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"நிறுத்திக்குங்க" என்றேன்.

"ஈரம் தட்டுதுங்களே?"

"அதுக்குத்தான் சொல்றேன். நிறுத்திக்குங்க."

கம்ப்ரஸர் நின்றதும் காது அடைத்துப் போனது. ராடுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க ஆரம்பித்தார்கள். உன் மகள் எழுந்துபோய்க் குழியின் வாயருகே குவிந்திருந்த புழுதியைக் கைநிறைய அள்ளி அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து கையை விரித்துக் காட்டினாள். அது உதிரவில்லை, உருண்டையாக நின்றது.

"புடிச்சாப் புடிபடுதுங்க பெரீம்மா" என்றாள். அந்த உருண்டையை வரப்பில் வைத்துவிட்டுக் கை கழுவக் குடத்தைச் சாய்த்தாள்.

நாலு ராடு என்பது எண்பது அடி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அங்கே தண்ணீர் இருந்திருக்கலாம், அவள் மரங்கள் பிழைத்திருக்கலாம். அல்லது எண்பதுக்கு அப்புறம் இன்னொரு எண்பது, அதற்கப்புறம் இன்னொன்று என்று உன்னை இழுத்துக்கொண்டு போனது அவளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் அவளைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா? வேலை நடுவிலும், சாப்பிடும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் இது ஒன்றுதான் மனசில் ஓடுகிறது. அந்த மண்ணுக்குக் கீழே அந்த எண்பது அடியில் என்ன இருந்தது என்று பார்த்தவள் நீ ஒருத்திதான். "ஆச்சு சாமி" என்று நீ சொன்ன அன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "என்ன ஆச்சு, சொல்லு" என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை புள்ள.